பழைய முள்புதரை எடுத்துவிட்டு மறுநடவு: கையால் தோண்டுவதா, ஜேசிபியா, மருந்தா, மூடாக்கா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்திலிருந்து தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு வரைக்கும் உள்ள ஊர்களில், வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட், இருபது சென்ட் என்று கிடக்கும் நிலங்களைச் சுற்றி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆடு மாடு நுழையாமல் இருப்பதற்காக விடப்பட்ட முள்வேலி இன்றும் நிற்கிறது. வேலியாக இருந்தது மெல்லமெல்ல உள்ளே வந்து புதராகிவிட்டது. இப்போது அந்த இடத்தில் நான்கு மா ஒட்டுக்கன்றோ, கொஞ்சம் மல்லிகையோ, வீட்டுக்கான காய்கறிப் பாத்தியோ வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த முள்ளை எதைக் கொண்டு எடுப்பது? கூலியாள் வைத்துத் தோண்டலாம் என்கிறார் ஒருவர், ஜேசிபி ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடும் என்கிறார் மற்றொருவர், வெட்டிக் களைக்கொல்லி மருந்து தடவினால் போதும் என்கிறார் மூன்றாமவர். எங்கள் வீட்டு நிலத்தின் நான்கு பக்கங்களையும் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு வழிகளில் சுத்தம் செய்து பார்த்தவன் என்ற முறையில், அந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலானவர்கள் இரண்டே இரண்டை மட்டும் பார்க்கிறார்கள்: எத்தனை நாளில் முடியும், எவ்வளவு செலவாகும். இரண்டும் முக்கியம்தான். ஆனால் புதர் எடுக்கும் வேலையின் உண்மையான கணக்கு, வேலை முடிந்த அன்று தெரிவதில்லை. அடுத்த புரட்டாசி மழைக்குப் பிறகுதான் தெரியும். ஆகவே நான் ஆறு விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, திரும்பத் துளிர்க்குமா என்பது. முள்புதர்களில் பெரும்பாலானவை தண்டும் வேரும் சேரும் இடத்தில், அதாவது வேர்க்கழுத்தில், உறங்கும் மொட்டுகளை வைத்திருக்கின்றன. அந்தப் பகுதி மண்ணுக்குள் உயிரோடு இருக்கும்வரை மேலே எத்தனை முறை வெட்டினாலும் ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் தண்டு வரும். இரண்டாவது, அந்த இடத்தில் எதை நடப்போகிறோம் என்பது. மாங்கன்றுக்கு ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் கொண்ட குழிக்குள் மட்டும் பழைய வேர் இல்லாமல் இருந்தால் போதும். காய்கறிப் பாத்திக்கோ ஒரு அடி ஆழம் வரை இடம் முழுவதும் சுத்தமாக இருக்க வேண்டும். மூன்றாவது, மேல்மண் என்ன ஆகிறது என்பது. நம் பகுதியின் மேட்டு நிலங்களில் நல்ல செம்மண் பல இடங்களில் முக்கால் அடி, ஒரு அடிக்கு மேல் இல்லை. அதற்குக் கீழே மொரம்பு எனப்படும் சரளை மண், அதற்கும் கீழே பாறை. நான்காவது, சுற்றியிருப்பவை: தண்ணீர்க் குழாய், மோட்டார் கேபிள், சுவர், செப்டிக் டேங்க், எல்லைக்கல், பக்கத்து நிலத்துப் பயிர். ஐந்தாவது, வேலை செய்பவரின் உடல் பாதுகாப்பு. ஆறாவதாகப் பணம், அதிலும் பின்தொடர் வேலைக்கான பணத்தையும் சேர்த்து.

முதலில் புதரை அடையாளம் காண வேண்டும்

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நிற்பது என்ன செடி என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஒரே வேலியில் நான்கு வகை கலந்து நிற்பதும், நான்கும் நான்கு விதமாகத் துளிர்ப்பதும் வழக்கம்.

| புதர் | எங்கிருந்து திரும்ப வரும் | பொருந்தும் வழி |
|---|---|---|
| சீமைக்கருவேலம் (வேலிக்காத்தான்) | அடிக்கட்டை, மண்ணுக்குள் சுமார் ஒரு அடி வரை உள்ள வேர்ப்பகுதி, மண்ணில் கிடக்கும் விதை | ஆழமாகத் தோண்டுதல். பெரிய பரப்பானால் இயந்திரம் |
| உண்ணிச்செடி | மண்ணுக்குச் சற்றுக் கீழே உள்ள வேர்க்கழுத்து, மண்ணில் படியும் தண்டு | கையால் வேரறுத்தல் |
| காகிதப்பூ | அடிக்கட்டை, தடித்த வேர், ஈர மண்ணில் விழுந்த தண்டு | கையால். சுவரை ஒட்டியிருந்தால் மருந்து |
| இலந்தை | அடிக்கட்டை, பக்கவேரில் வரும் கன்று | கையால். அல்லது எடுக்காமல் ஒட்டுக்கட்டுதல் |
| சப்பாத்திக்கள்ளி | கீழே விழும் ஒவ்வொரு மட்டையும் | கையால் பொறுக்குதல். இயந்திரம் கூடவே கூடாது |
| பழைய ரோஜா | ஒட்டுக்குக் கீழே உள்ள வேர்ச்செடி | கையால், மண்ணோடு சேர்த்து |

இதில் இலந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நன்றாக வேரூன்றிய பழைய இலந்தையை அடியோடு எடுப்பதற்கு முன், அதைத் தாழ வெட்டிவிட்டு, புதிதாக வரும் துளிரில் நல்ல பழ ரகத்தின் மொட்டைக் கட்டிப் பழமரமாக மாற்ற முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். மழை குறைந்த நிலத்தில் தானாக நிலைத்துவிட்ட வேர் ஒரு சொத்து. நான் அவசரப்பட்டு ஒன்றைத் தோண்டிப் போட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

வழி ஒன்று: கையால் தோண்டி எடுப்பது

எங்கள் கிழக்குப் பக்க வேலி ஏறக்குறைய நூறு அடி நீளம். சீமைக்கருவேலமும் உண்ணியும் கலந்து இருபத்திரண்டு தூர் இருந்தன. இரண்டு ஆட்கள் ஆறு நாள் வேலை செய்தார்கள். பன்னிரண்டு ஆள் கூலி. கை கனமுள்ள தூர்களில் நாளுக்கு ஐந்தாறு வந்தன. தொடை கனமுள்ளவை நாளுக்கு இரண்டுக்கு மேல் வரவில்லை. தொடக்கத்தில் இது அதிகச் செலவு என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் பட்டது. ஆனால் அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் திரும்பத் துளிர்த்தவை இரண்டே இரண்டு. நான்கு பக்கங்களில் அங்குதான் இன்று மாங்கன்றுகள் நன்றாக நிற்கின்றன.

இந்த வழியில் பலன் கிடைப்பது செய்யும் முறையைப் பொறுத்தது. பலரும் முதலில் புதரைத் தரையோடு தரையாக வெட்டிவிட்டுப் பிறகு தூரைத் தோண்டத் தொடங்குகிறார்கள். அது வேலையை இரட்டிப்பாக்கும். கிளைகளைக் கழித்துவிட்டு அடித்தண்டை இரண்டு மூன்று அடி உயரம் விட்டுவைக்க வேண்டும். வேர்களை அறுத்தபின் அந்தத் தண்டையே நெம்புகோல் போலப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கட்டை தானே பெயர்ந்து வரும். முந்தின நாள் மாலையில் தூரைச் சுற்றித் தண்ணீர் கட்டி ஊறவிட்டால் கடப்பாரை இறங்கும். வெட்டிய முள்கிளையைக் கையால் தொடாமல் கவைக்கோலால் தள்ளி இழுக்க வேண்டும். இது நம் பாட்டன் காலத்து முறை, இதைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை.

எவ்வளவு ஆழம் என்பது செடிக்குச் செடி மாறும். சீமைக்கருவேலத்துக்கு மண்மட்டத்திலிருந்து குறைந்தது ஒரு அடிக்குக் கீழே ஆணிவேரை அறுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் துளிர்க்கும். உண்ணிச்செடிக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. அதன் வேர்க்கழுத்துக்குக் கீழே, மண்ணிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், மண்வெட்டியைச் சாய்த்துப் போட்டு ஆணிவேரை அறுத்துப் புதரை அப்படியே தூக்கித் தலைகீழாக வைத்துவிட்டால் அது காய்ந்துபோகும். காடுகளில் உண்ணியை ஒழிப்பதற்காக டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு வகுத்துக் கொடுத்த முறை இது. வீட்டுத் தோட்டத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. தலைகீழாக வைப்பதற்குக் காரணம் உண்டு: தண்டு மண்ணில் படிந்தால் அங்கே வேர்விட்டுவிடும். பழமும் விதையும் வருவதற்கு முன் செய்தால் பறவைகள் விதையைப் பரப்புவதும் குறையும்.

மறைந்திருக்கும் செலவுகள் இதிலும் உண்டு. தூருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் ஆட்கள் வேகமாக முடிக்கவே பார்ப்பார்கள். வேர்க்கழுத்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். நாள் கூலி பேசுவது நல்லது. தூர்க் கணக்கில்தான் பேச வேண்டுமென்றால், கழுத்தோடு வெளியே கிடக்கும் கட்டைகளை எண்ணிப் பணம் கொடுப்பதாக முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்தது ஆள் கிடைக்கும் காலம். மண் இளகியிருப்பது கோடை மழைக்குப் பிறகு, சித்திரை கடைசியிலும் வைகாசியிலும். கிருஷ்ணகிரிப் பக்கத்தில் மாங்காய் அறுவடையும் மாங்கூழ்த் தொழிற்சாலை வேலையும் நடப்பது அதே காலத்தில்தான். ஆகவே மண் தயாராக இருக்கும்போது ஆள் கிடைக்காது. பங்குனியிலேயே பேசி வைப்பது, அல்லது தண்ணீர் கட்டி நனைத்து மாசியிலேயே தொடங்குவது, இவ்விரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

உடலுக்கு நேரும் ஆபத்தைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. நாற்பது ஆண்டுப் புதருக்குள் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கலாம் என்று எண்ணித்தான் உள்ளே கையும் காலும் வைக்க வேண்டும். நீண்ட கழியால் புதரை நன்றாகத் தட்டி, அரை மணி நேரம் விட்டு, காலில் கனத்த பூட்ஸ் போட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். குளவிக்கூடு இருக்கிறதா என்று முதல்நாளே தள்ளி நின்று பார்த்துவிடுவது நல்லது. சீமைக்கருவேல முள் சாதாரண ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். விரல் மூட்டுக்குள் ஒடிந்து தங்கிய முள் பல வாரம் வீக்கத்தைத் தரும். அதை வீட்டிலேயே ஊசியால் குடைந்து எடுக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் வேலைக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குத் தோல் உறையும், வேலை செய்பவர் கேட்காவிட்டாலும், வீட்டுக்காரர் வாங்கிக் கொடுக்க வேண்டியவை. கூலிக்கு வருபவரின் கண், நம் தோட்டத்தைவிடப் பெரிது.

வழி இரண்டு: ஜேசிபி

வேகத்தில் இதற்கு நிகர் எதுவுமில்லை. எங்கள் வடக்குப் பக்கத்தை ஜேசிபி இரண்டு மணி நேரத்தில் முடித்தது. வேரோடு வாரி எடுப்பதால் பெரிய கட்டைகள் முழுமையாகவே வெளியே வந்துவிடுகின்றன. தொடை கனத்துக்கு மேற்பட்ட சீமைக்கருவேலத் தூர்களில் மனிதக் கை இதனோடு போட்டியிட முடியாது.

ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு நேர்ந்த செலவுகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநர் தெரியாமல் எல்லைக்கல்லையும் சேர்த்து வாரிவிட்டார். எந்தக் குவியலில் போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. நில அளவையருக்கு மனுக் கொடுத்து, பக்கத்து நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டு மறுபடி அளந்து கல் நடுவதற்குள் பல வாரங்கள் ஓடிவிட்டன. அதுவரை இரு வீட்டுக்கும் இடையே பேச்சு இறுகியே இருந்தது. போர்வெல்லிலிருந்து வரும் குழாய் ஒரு இடத்தில் உடைந்தது. கட்டை இருந்த பள்ளங்களில் நல்ல செம்மண் கீழே போய் மொரம்பு மேலே வந்துவிட்டது. ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி ஈர மண்ணில் முன்னும் பின்னும் போனதால், சக்கரம் போன தடத்தில் மண் செங்கல்போல இறுகியது; அடுத்த மழையில் அங்கே தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றதைக் கண்ணால் பார்த்தேன். மண்ணைச் சமன்படுத்த ஆள், இரண்டு டிராக்டர் தொழு உரம், தடத்தைக் கிளற உழவு என்று சேர்த்துப் பார்த்தபோது, கையால் தோண்டிய பக்கத்துக்கும் இதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

இவற்றில் பலவற்றை முன்னெச்சரிக்கையாகத் தவிர்த்திருக்க முடியும். எல்லைக்கற்களுக்கு அருகில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டு, அவற்றைச் சுற்றி மூன்று அடியைக் கைவேலைக்கு விட்டுவிட வேண்டும். குழாயும் கேபிளும் போகும் வழியில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். மேல்மண்ணை முதலில் வழித்து ஒரு பக்கம் குவித்துவைத்து, கட்டைகளை எடுத்தபின் அதைக் கடைசியில் பரப்பச் சொல்ல வேண்டும். இதற்கு வண்டிக்கு அரை மணி நேரம் கூடுதலாகும், ஆனால் அந்த அரை மணிக்கான வாடகை மண்ணைக் காப்பாற்றுகிறது. மண் காய்ந்திருக்கும்போதுதான் வண்டியை இறக்க வேண்டும்; கைவேலைக்கு ஈரம் நல்லது என்றால், வண்டிக்கு ஈரம் கெடுதல். வாடகை பேசும்போது குறைந்தபட்ச மணி எத்தனை, வண்டி வந்துபோகும் நேரம் கணக்கில் சேருமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சிறிய வேலைக்கு அதுதான் செலவை ஏற்றுகிறது. வாசலும் சந்தும் பத்து அடியாவது இல்லாவிட்டால் பெரிய வண்டி திரும்பாது. சிறிய ரக இயந்திரம் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம்.

வேலியில் சப்பாத்திக்கள்ளி இருந்தால் இயந்திரத்தை நினைக்கவே வேண்டாம். வண்டி ஒரு புதரை நூறு துண்டாக்கி நிலம் முழுவதும் பரப்பிவிடும். ஒவ்வொரு துண்டும் வேர்விடும்.

டிராக்டரில் சங்கிலி கட்டி இழுக்கும் வழக்கமும் உண்டு. வேர் விடாமல் பிடித்துக்கொள்ளும்போது டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பின்னால் கவிழக்கூடும் என்பதால், பக்கவேர்களை அறுக்காமல் நேரடியாக இழுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

வழி மூன்று: வெட்டி, அடிக்கட்டையில் மருந்து தடவுவது

தரையை ஒட்டி வெட்டி, வெட்டுமுகம் காய்வதற்குள், சில நிமிடங்களிலேயே, களைக்கொல்லியைத் தூரிகையால் தடவுவது இந்த முறை. பட்டையை ஒட்டிய வெளிவட்டம்தான் உயிருள்ள பகுதி. அங்கே மருந்து படிந்தால்தான் வேருக்கு இறங்கும். வெட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து தடவினால் பயனில்லை. மழை வரும் நாளிலும் செய்யக் கூடாது.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சட்டம். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. கடையில் கிடைக்கிறது என்பதற்காக நாமே வாங்கி அடிப்பதைத் தவிர்த்து, உரிமம் உள்ளவரை வரவழைக்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்துத்தான் இந்த வழி மலிவா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, பக்கத்து நிலம். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி இல்லாத திசை கிடையாது. 2,4-டி வகைக் களைக்கொல்லியின் ஆவியோ காற்றில் பறக்கும் துளியோ பட்டாலே தக்காளியின் இலை சுருண்டு குறுகிவிடும். ஒரு குடும்பத்தின் அந்தப் பருவத்து வருமானத்தை நம் வேலிக்காகப் பணயம் வைப்பது நியாயமில்லை. எந்த மருந்தானாலும் புதர்மீது தெளிக்காமல் வெட்டுமுகத்தில் தடவுவது மட்டுமே வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது.

மூன்றாவதாக, பலர் எதிர்பார்க்காத ஒன்று: மருந்து கட்டையைச் சாகடிக்கும், ஆனால் அகற்றாது. செத்த கட்டை மக்குவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். அதே குழியில் புதுக்கன்று வைக்க முடியாது. இரண்டு மூன்று அடி தள்ளித்தான் வைக்க வேண்டும். செத்த வேரைத் தேடி வரும் கறையான் பக்கத்தில் இருக்கும் இளங்கன்றையும் விட்டுவைப்பதில்லை.

அப்படியானால் இந்த வழியால் என்ன பயன்? தோண்டவே முடியாத இடங்களில் இதுதான் கைகொடுக்கிறது. எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் சுவரை ஒட்டி வளர்ந்த காகிதப்பூவைத் தோண்டினால் சுவர் பெயரும். பாறை இடுக்கில் வேர்விட்ட ஒரு சீமைக்கருவேலத்துக்குக் கடப்பாரையும் ஜேசிபியும் எட்டவில்லை. இவ்விரண்டையும் மட்டும் உரிமம் உள்ளவரை அழைத்து மருந்தால் முடித்தோம். இரண்டும் திரும்ப வரவில்லை. கிணற்றை ஒட்டிய புதருக்கு மட்டும் இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன்.

வழி நான்கு: வெட்டி வெட்டிச் சோர வைத்து, மூடாக்குப் போடுவது

தரையோடு வெட்டி, தென்னை மட்டை, நிலக்கடலைத் தோல், கரும்புச் சோகை என்று கிடைப்பதைக் கனமாகப் பரப்பி, துளிர் ஒரு சாண் வரும்போதெல்லாம் மறுபடி வெட்டுவது. துளிர் விடுவதற்கு வேரில் சேர்த்து வைத்த உணவைச் செடி செலவழிக்கிறது. இலை விரிந்து அதை ஈடுகட்டுவதற்குள் வெட்டிவிட்டால் வேர் மெல்ல வலுவிழக்கும். பணச் செலவு மிகக் குறைவு, மண் கலையாது, புழுவும் ஈரமும் பெருகும். சரிவான கரையில், மண்ணைத் தோண்டினால் மழையில் அரித்துப்போகும் இடங்களில், இதைத் தவிர நல்ல வழி இல்லை. எங்கள் மேற்குப் பக்கத்து ஓடைக்கரையில் இதைத்தான் செய்கிறோம்.

இதற்கு விலை காலம். இளம் உண்ணிக்கு ஓராண்டில் பலன் தெரியலாம். பழைய சீமைக்கருவேலம் பல ஆண்டுகள் சளைக்காமல் துளிர்க்கும். ஒருமுறை இரண்டு மாதம் வெளியூர் போய்விட்டால் அதுவரை செய்தது வீணாகிவிடும். ஆகவே நாள்தோறும் தோட்டத்தில் கால் வைப்பவர் வீட்டில் இருந்தால் மட்டுமே இது சரிவரும். மூடாக்குக்கு மாட்டுக்கே போதாத கேழ்வரகுத் தாளைப் பரப்ப வேண்டாம்.

வழிகள்போலத் தோன்றுபவை

விறகுக்கு வெட்டிக்கொள்கிறோம், காசு வேண்டாம் என்று வருபவர்களிடம் ஒப்படைப்பது நம் பகுதியில் சகஜம். சீமைக்கருவேல விறகுக்கும் கரிக்கும் எப்போதும் தேவை இருப்பதால் அவர்களுக்கு அது லாபம். எங்கள் வடக்குப் பக்கத்தை முதலில் அப்படித்தான் கொடுத்தோம். விறகு போயிற்று, தூர் தங்கியது, ஐப்பசியில் ஒவ்வொரு தூரிலும் பத்துப் பதினைந்து துளிர் நின்றது. பிறகுதான் ஜேசிபி வந்தது. விறகு வெட்டுபவர்களிடமே, தண்டு இரண்டு மூன்று அடி நிற்கும்படி விட்டு வெட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் தோண்டும் வேலையாவது எளிதாகியிருக்கும். இலவசமாக வெட்டிக் கொடுப்பதை முதற்கட்டமாக வைத்துக்கொள்ளலாம், தனி வழியாக எண்ணக் கூடாது.

தீ வைப்பது மேல்பகுதியை மட்டும் எரிக்கும். வேர்க்கழுத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மாசி முதல் வைகாசி வரை காய்ந்த புல் நிறைந்த மலையடிவாரங்களில் அது காட்டுத் தீயாகவும் மாறலாம். ஆடு விட்டு மேய்ப்பதும் உதவாது: உண்ணி இலை ஆடு மாடுகளுக்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, சீமைக்கருவேலக் காயை ஆடுகள் விரும்பித் தின்று, முளைக்கத் தயாரான விதையைப் புழுக்கையோடு தோட்டம் முழுவதும் போட்டுவிடும். தூரில் உப்பு, டீசல், ஆசிட் ஊற்றுவது அடுத்து நடப்போகும் கன்றுக்கு நாமே வைக்கும் நஞ்சாகிவிடும்.

யாருக்கு எது

இருபது சென்ட் வரை உள்ள வீட்டு நிலத்துக்கு, அதிலும் குழாய்களும் எல்லைக்கற்களும் நிறைந்த இடத்துக்கு, கையால் தோண்டுவதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரே ஆண்டில் எல்லாப் பக்கமும் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்தால் கூலியும் தாங்கும், ஆடு மாடு நுழைவதற்குள் புதுவேலியும் நிற்கும். வேலியை எடுத்த மறுநாளே பக்கத்து வெள்ளாடுகள் உள்ளே வந்துவிடும் என்பதைத் திட்டம் போடும்போதே நினைக்க வேண்டும். தோண்டி எடுத்த முள்ளையே புதுக்கன்றுகளைச் சுற்றி முள்படலாக வைக்கலாம். ஆனால் அதில் முற்றிய காயோ, ஈர மண்ணில் வேர்விடும் உண்ணித் தண்டோ, காகிதப்பூத் தண்டோ இருக்கக் கூடாது.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால், அங்கே வேறு கட்டுமானமும் இல்லையென்றால், ஜேசிபியைக் கூப்பிடுங்கள். பன்னிரண்டு ஆள் நாளுக்குப் பதிலாக இருநூறு ஆள் நாளை யாராலும் தர முடியாது. அந்த நிலத்திலும் எல்லையோரத்துக்கு இரண்டு கூலியாட்களை வைத்துக்கொள்ள வேண்டும். ஓரிரு புதர்கள் மட்டும் சுவரிலோ பாறையிலோ சிக்கியிருந்தால் அவற்றுக்கு மட்டும் மருந்து. கரைச் சரிவுக்கு மூடாக்கு.

ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் பழைய ரோஜாவை எடுத்துவிட்டு அதே இடத்தில் புது ரோஜா வைக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: எந்த வழியில் எடுத்தாலும் பழைய செடி நின்ற மண்ணில் புது ரோஜா நலிந்தே வளரும். அங்கே தங்கிவிட்ட நூற்புழுக்களும் வேர்நோய்ப் பூஞ்சைகளும் இதற்குக் காரணமாகின்றன. ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்கு அந்த மண்ணை எடுத்து வேறு பாத்திக்குப் போட்டு, ரோஜா இல்லாத இடத்து மண்ணைத் தொழு உரத்தோடு நிரப்ப வேண்டும். அல்லது அங்கே சாமந்தியை வைத்து, ரோஜாவை வேறு இடத்துக்கு மாற்றலாம்.

எடுத்த பிறகு

வைகாசியில் எடுத்தால், குழிகளை மூடாமல் ஆனி முழுவதும் வெயிலில் விட்டுவிடுங்கள். அறுந்த வேர்த்துண்டுகள் காய்ந்து போகும். கையில் அகப்படுகிற துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடலாம். ஆடிப்பெருக்குக்குள் தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து குழியை நிரப்பி, மண் அமர்வதற்கு விட்டு, ஆவணி, புரட்டாசி மழையில் கன்று நடுவது நம் பகுதியின் மழைக்குப் பொருந்தி வருகிறது. எந்தக் கன்று, எந்த ரகம் என்பதில் ஐயம் இருந்தால் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மழையிலேயே மண்ணில் கிடந்த சீமைக்கருவேல விதைகளும் முளைக்கும். அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கக்கூடியது என்பதால் முதல் ஆண்டோடு இது முடியாது. முளை இரண்டு விரல் உயரம் இருக்கும்போது, மழை நின்ற மறுநாள் காலையில், மண் இளகியிருக்கையில் பிடுங்கினால் வேர் முழுதாக வந்துவிடும். ஒரு மாதம் விட்டுவிட்டால் வேர் கைக்கு அடங்காது. எங்கள் கிழக்குப் பக்கத்தில் முதல் புரட்டாசியில் ஒரு வாளி நிறையப் பிடுங்கினோம். மூன்றாம் ஆண்டில் கைப்பிடியளவு.

தூரில் துளிர் வந்திருக்கிறதா என்பதையும் அதே நாட்களில் பார்த்துவிடுங்கள். துளிர் தெரிந்த இடத்தில் தண்டை மட்டும் ஒடிக்காமல், சின்னக் கடப்பாரையால் பக்கத்தில் ஒரு அடி இறக்கி, விட்டுப்போன கழுத்தைத் தேடி எடுக்க வேண்டும். அன்று ஒரு ஆளுக்கு அரை நாள் வேலைதான்.